உதிராத நூன்

வேதாளை பெண்கள் மதரசாவில்
அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருமணி நேரம்.
சாக்பீஸ் பிடித்திருப்பவள் ருமைஸா, வயது இருபத்திரண்டு.
பிளாஸ்டிக் பாயில் நாங்கள் ஒன்பது பேர்.
நான்தான் மூத்தவள், நாற்பத்தொன்று.
குவைத்தில் பதினோரு வருஷம் வீட்டுவேலை.
பெயர் சித்தி ஜுலைகா.
அங்கே அதை யாரும் பயன்படுத்தவில்லை.

இன்றைய பாடம் அம்ரு. ஏவல்.

"தஃப்தஹு என்றால் நீ திறக்கிறாய்.
முன்னால் நிற்கிற 'த'தான் அந்த நீ.
அதை எடுத்துடணும்."
டஸ்டரால் ஒரே இழுப்பு,
போயிற்று நீ.
மிச்சச் சொல்லின் முதலெழுத்தில் உயிரில்லை,
நிற்க முடியவில்லை.
ஓர் அலிஃபைக் கம்பாக ஊன்றக் கொடுக்கிறாள்.
இஃப்தஹ்.
கடைசி எழுத்தின் கழுத்தில் ஒரு சுக்கூன்.
கட்டளை தயார்.

மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள்.
எனக்கு எழுத ஒன்றுமில்லை.
தஆலி, ரூஹி, யீபி, ஷீலி, இஸ்கித்தி.
வா, போ, கொண்டா, தூக்கு, வாயை மூடு.
நான் அறிந்த அரபி இவ்வளவுதான்.
இறந்தகாலம் சொல்லித்தர அந்த வீட்டில் ஆளில்லை,
எதிர்காலம் கஃபீலின் அலமாரியில்
பாஸ்போர்ட்டுக்குள் கிடந்தது.
எல்லாச் சொல்லும் 'ஈ'யில் முடிந்ததால்
அந்த மொழியே அப்படி முடியும் என்றிருந்தேன்.
அது மொழியின் வால் இல்லையாம்.
பெண், ஒருத்தி என்று பொருளாம்.
திரும்பி வந்த அன்று ஏர்போர்ட்டில்
வழி கேட்க ஒரு போலீஸ்காரரைத்
தஆலி, தஆலி என்று கூப்பிட்டேன்.
அந்த மீசை ஏன் துடித்ததென்று
இன்றைக்குத்தான் தெரிகிறது.

தமிழில் எதையும் அறுக்க வேண்டியதில்லை.
வேரே ஏவல்தான்.
வா என்றால் ஆடும் வரும், ஆளும் வரும்,
ஆணா பெண்ணா என்று கேட்காது.

"மேலிருந்து கீழே சொன்னால் கட்டளை.
சமமானவங்ககிட்டச் சொன்னால் கேட்டுக்கொள்வது.
கீழிருந்து மேலே சொன்னால் துஆ.
சொல் மாறாது."
நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
மேடம் இரண்டாம் தளம்.
என் அறை மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்.

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.
பாசி எடுக்கப் போகாததால்
இன்று வகுப்பு நிறைந்திருக்கிறது.
ருமைஸா புதிய வினை எழுதினாள். காத்தல்.
முன்னால் ஓர் எழுத்து போனது,
பின்னால் ஓர் எழுத்து போனது.
பலகையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று.
கி.
"இது ஒரு முழு வாக்கியம்" என்றாள்.
"நம்மகிட்டயும் இருக்கே, கா" என்றாள்
பின்வரிசையிலிருந்து ஹமீது பாத்து.
தொண்டி பக்கம் ஒருமுறை படகு கவிழ்ந்து
அரைமணி நேரம் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்தவள்.
கி, கா.
இரண்டுமே
தண்ணீர் வாய்க்குள் போகுமுன்
சொல்லி முடிக்கிற அளவு.

கையேந்தும்போது நான் சொல்லும் 'கினா'வுக்குள்
இந்தக் கி இருக்கிறதாம். எங்களைக் கா.
அப்படியானால் இத்தனை வருஷமாய்,
அந்தச் சமையலறையில் நின்றபடியும்,
நானும் ஏவிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.
தெரிந்திருந்தால்
இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருப்பேன்.

கடைசியில் அட்டவணை.
ஒருத்தியை ஏவினால் வாலிலிருக்கும் நூன் உதிர்ந்துவிடுகிறது.
பெண்கள் பலர் என்றால் உதிர்வதில்லை.
"ஏன் விழலை?" என்று கேட்டேன்.
"அந்த நூன் ஒட்டு இல்லை லாத்தா,
அது நீங்கதான்."

எழுதிக்கொண்டேன்.
இன்று நான் எழுதிய ஒரே வரி.

அப்போது கொண்டல் அடித்து ஜன்னல் திறந்துகொண்டது.
பலகையில் மணலும் சாரலும்.
"அக்லிக்ன" என்று கத்தினாள் ருமைஸா.
சாத்துங்கள், பெண்களே, எல்லாரும்.
ஒரு ஜன்னலுக்கு
ஒன்பது பேரும் எழுந்தோம்.